கூடாரத்துக்குள் தண்ணீர்: ஒழுகலா, மூச்சுக்காற்றா?

வணக்கம் நண்பர்களே. போன வாரம் கொடைக்கானல் பூம்பாறைக்கு மேலே ஒரு தனியார் தோட்டத்தில் அனுமதி வாங்கி, தனியாக ஒரு ராத்திரி தங்கினேன். ஐப்பசி மழை என்று தெரிந்தேதான் போனேன், யாரும் திட்ட வேண்டாம்.

மதியம் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. அட்டைக்கு வேப்பெண்ணெயும் மூக்குப்பொடியும் குழைத்துக் காலில் தடவியிருந்தேன், இரண்டு கடியோடு தப்பித்தேன். பிரச்சினை கூடாரம்தான். ராத்திரி 2 மணிக்கு முழித்துப் பார்த்தால் உள்பக்கத் துணியெங்கும் முத்து முத்தாகத் தண்ணீர். விரல் பட்டால் கோடாக வழிகிறது. கால்மாட்டில் ஸ்லீப்பிங் பேக் சொதசொத.

அடியில் விரித்த தார்ப்பாய் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைக் காலையில்தான் கவனித்தேன். கூரையில் வழிந்ததை அது வாங்கி அடியில் விட்டிருக்கிறது. சரி, அது என் முட்டாள்தனம்.

ஆனால் மேலே இருந்தது, மூச்சுக்காற்று குளிர்ந்து படிந்ததா, தையல் வழியாகக் கசிந்ததா? குளிருக்குப் பயந்து காற்றுத்திறப்புகளை எல்லாம் மூடியிருந்தேன். மொட்டைமாடியில் குழாய் போட்டுச் சோதித்தால் தெரியுமா? துணி பாலியெஸ்டர், உள்ளே பாலியூரித்தேன் பூச்சு. தையலுக்குச் சிலிகான் பசை அதில் ஒட்டுமா? கார்த்திகை முடிவதற்குள் இன்னொரு முறை போகணும்.