வெள்ளி ரூபாயின் எடை: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். தாத்தாவின் தகரப் பெட்டியில் 1918ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ஒன்று கிடைத்தது. அசல் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. அந்தக் காலத்தில் ரூபாயையே எடைக்கல்லாக வைத்தார்கள். என் சிறிய மின்தராசு 11.4 காட்டுகிறது.

தராசின் மேல் சந்தேகம் வந்தது. எடைக்கல் இல்லாததால், தேயாத, 2019க்கு முந்தைய மஞ்சள் நிற ஐந்து ரூபாய் நாணயங்கள் பத்தை வைத்தேன். ஒன்று 6 கிராம் என்பதால் 60 வர வேண்டும், 61.3 வந்தது. (பழைய கனமான வெள்ளை ஐந்து ரூபாயும் இதே 23 மி.மீ. அகலம்தான், ஆனால் 9 கிராம். இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.) அந்தக் கணக்கில் என் ரூபாய் ஏறத்தாழ 11.16 கிராம்தான். அரை கிராம் குறைகிறது.

புழக்கத்தில் தேய்ந்தே இவ்வளவு குறையுமா, அல்லது போலியா? அரசரின் கிரீடம் மழுங்கியிருக்கிறது, விளிம்பு வரிகள் மட்டும் கூர்மையாக இருக்கின்றன. அதுதான் என்னை உறுத்துகிறது. காந்தம் ஒட்டவில்லை.

தேய்ந்த 1918 ரூபாய் வைத்திருப்பவர்கள் எடையையும் விட்டத்தையும் தயவுசெய்து சொல்லுங்கள். 27 மி.மீ. பத்து ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்து, நேர் மேலிருந்து படம் எடுத்துப் போட்டால் அளவை ஒப்பிட்டுக்கொள்வேன். விற்கும் எண்ணம் இல்லை. தாத்தா பத்திரப்படுத்தியது உண்மையானதுதானா என்று தெரிந்தால் போதும்.