‘ரிடன்டன்சி’: மிகைமையா, பதிலியக்கமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தொகுத்துவரும் கப்பல் பொறியியல் சொற்பட்டியலில் ‘ரிடன்டன்சி’ (redundancy) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேரே ‘மிகைமை’ என்று இட்டிருப்பதை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. தரவுத்தளத்தில் ஒரே செய்தி இருமுறை பதிவானால் அது மிகைதான், நீக்கிவிடலாம். கப்பலிலோ அச்சொல், ஓர் இயந்திரம் நின்றால் அதன் வேலையை இன்னொன்று ஏற்கும் ஏற்பாட்டைக் குறிக்கிறது. அதற்கு மிகை என்று பெயரிட்டால், செலவைக் குறைக்க அமர்ந்திருக்கும் கணக்கர் முதலில் அடிப்பது அந்த வரியைத்தான்.

இதே சொல்லுக்கு நம் குழுவின் மூத்த நண்பர் ஒருவர் முன்மொழிந்த ‘பதிலிருப்பு’ இதைவிட நன்று. எனினும் ‘இருப்பு’ என்றதும் கிடங்கில் கிடக்கும் உதிரிப்பாகம்தான் நினைவுக்கு வருகிறது. 2013 பிப்ரவரி 10 அன்று மெக்சிகோ வளைகுடாவில் கார்னிவல் டிரையம்ப் என்னும் பயணிகள் கப்பலின் 6-ஆம் மின்னாக்கியில் (ஜெனரேட்டர்), எரிபொருள் திரும்பும் நெகிழ்குழாய் கசிந்து தீப்பற்றியபோது, அக்கப்பலில் இருப்புக்குக் குறைவில்லை: ஆறு டீசல் மின்னாக்கிகள், இரண்டு இயந்திர அறைகள். தீப்பிடித்தது பின்னறையில் மட்டுமே. ஆனால் கப்பல் முழுவதும் உந்துவிசை இழந்தது. அவசர மின்னாக்கி விளக்குகளுக்கு ஈடுகொடுத்ததே தவிர, கழிப்பறைகளுக்குப் போதவில்லை. பயணிகள் மெத்தைகளை மேல்தளத்துக்கு இழுத்துச் சென்று படுத்தார்கள். நாலாயிரத்துக்கும் மேற்பட்டோருடன் இழுவைப்படகுகள் அதை அமெரிக்காவின் மொபீல் துறைமுகத்தில் சேர்த்தபோது 14-ஆம் தேதி இரவாகிவிட்டது. விபத்துக்குப் பின்னும் தன் விசையில் கரை திரும்பும் திறனைக் கட்டாயமாக்கும் விதி, 2010 ஜூலை 1 முதல் கட்டப்பட்ட பெரிய பயணிகள் கப்பல்களுக்கே உரியது. டிரையம்ப் 1999-இல் வந்தது. அதே நிறுவனத்தின் ஸ்ப்ளெண்டர் கப்பல் 2010 நவம்பரிலேயே இயந்திர அறைத் தீயால் மின்சாரம் இழந்து சான் டியாகோவுக்கு இழுத்துவரப்பட்டிருந்தும், அவசர மின்சாரம், தீயணைப்பு முதலியவற்றை மேம்படுத்த 30 கோடி டாலருக்கு மேல் செலவிடுவதாக அந்நிறுவனம் அறிவித்தது 2013 ஏப்ரலில்தான்.

வைக்கிங் ஸ்கை என்னும் பயணிகள் கப்பல் இன்னும் தெளிவான சான்று. 2019 மார்ச் 23 அன்று நார்வேயின் ஹுஸ்டாட்விகா கடற்பகுதியில், அதன் நான்கு மின்னாக்கிகளில் ஒன்று முன்பே பழுதாகிக் கிடக்க, மற்ற மூன்றும் மசகெண்ணெய் மட்டம் குறைந்திருந்த நிலையில் பேரலைகளின் ஆட்டத்தில் அடுத்தடுத்து நின்றன. 479 பேரை ஹெலிகாப்டரில் தூக்க நேர்ந்தது. ஒரே குறை அனைத்தையும் நிறுத்துமெனில், எண்ணிக்கை நான்கானாலும் பதிலாக நிற்க ஒன்றும் இல்லை.

ஆகவே ‘பதிலியக்கம்’ என்கிறேன். ஆலைகளில் வராதவரின் தறியில் நின்று அன்றைய வேலையைப் பார்ப்பவரைப் பதிலி என்கிறோமே, அந்தப் பொருளில். ஆய்வறிக்கை நடையில் எழுதிப் பார்த்தேன்: “இக்கப்பலில் மின்னாக்கிகள் ஆறு உள்ளன, பதிலியக்கம் இல்லை.” ‘மிகைமை இல்லை’ என்று அதே இடத்தில் போட்டால், பாராட்டுவது போலல்லவா ஒலிக்கிறது!