தராசில் 4.365, டேட்டாபேஸில் 4.37: டெசிமலா, மில்லிகிராமா?

பொன்வண்டு: ஒரு நகைக்கடைக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் எழுதுகிறேன். நிரல் பிஎச்பி மொழியில், டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல். தராசில் 4.365 கிராம் காட்டும் மோதிரம் டேட்டாபேஸில் 4.37 என்று பதிவாகிறது. சேதாரம் 12.5 சதவீதம் கொடுத்தால் 13 ஆகிவிடுகிறது. கோடில் எங்கும் ரவுண்ட் செய்யவில்லை, எர்ரரும் வரவில்லை. எங்கே தேடுவது?

கொங்குநிரலர்: கோடை விடுங்கள், டேபிளைப் பாருங்கள். ஷோ கிரியேட் டேபிள் கொடுத்தால் தெரிந்துவிடும். சேதாரம் ஃபீல்டு வெறும் டெசிமல் என்று இருக்கும். அடைப்புக்குறி போடாவிட்டால் மைஎஸ்க்யூஎல் அதை டெசிமல்(10,0) என்று எடுத்துக்கொள்ளும்; முதல் எண் மொத்த இலக்கங்கள், இரண்டாவது புள்ளிக்குப் பின் வருபவை. புள்ளிக்குப் பின் இடமே கிடையாது. எடை டெசிமல்(10,2) ஆக இருக்க வேண்டும்.

மிஞ்சும் இலக்கங்களை அது ரவுண்ட் செய்துவிட்டு 1265 என்ற எண்ணில் ஒரு நோட் (சிறு குறிப்பு) மட்டும் போடும். தவறான மதிப்பை எர்ரர் காட்டி நிறுத்தும் ஸ்ட்ரிக்ட் மோடிலும் இப்படித்தான், அதனால்தான் உங்கள் கோடு நிற்கவில்லை. இன்சர்ட் முடிந்த கையோடு ஷோ வார்னிங்ஸ் கொடுத்துப் பாருங்கள். எடையை டெசிமல்(10,3) என்றும் சேதாரத்தை டெசிமல்(5,2) என்றும் மாற்றினால் சரியாகிவிடும்.

தராசுமுள்: இதை நான் ஏற்கவில்லை. எடைக்கு டெசிமலே வேண்டாம். 4365 என்று மில்லிகிராமில் முழு எண்ணாக வையுங்கள். டெசிமலை பிஎச்பி ஸ்ட்ரிங்காகத்தான் (வெறும் எழுத்துகளாக) வாங்குகிறது. கூட்டல் குறி போட்ட உடனே ஃப்ளோட் ஆகிவிடும், அதாவது பைனரியில் தோராயமாக வைக்கும் எண். 0.1 உடன் 0.2 சேர்த்தால் 0.30000000000000004 வரும் பழைய கதைதான். டேபிளை மட்டும் சரிசெய்தால் பாதி வேலைதான் முடியும்.

கொங்குநிரலர்: கூட்டலை டேட்டாபேஸிலேயே செய்யலாமே. டெசிமல் ஃபீல்டின் சம் டெசிமலாகவே வரும். முழு எண் பாதுகாப்பு என்கிறீர்கள்; இன்ட் ஃபீல்டில் 4365.5 கொடுத்துப் பாருங்கள், 4366 ஆகும். அங்கே அந்த நோட்கூட உதவிக்கு இருக்கும் என்று நம்ப முடியாது. அப்புறம் கல் எடை? ஒரு காரட் 200 மில்லிகிராம். 0.008 காரட் பொடி வைரம் 1.6 மில்லிகிராம். அதை உங்கள் இன்ட்டில் எங்கே வைப்பீர்கள்?

அலையோசை: எல்லாவற்றையும் டபுள் (கூடுதல் இலக்கம் தாங்கும் ஃப்ளோட்) ஆக்கினால் இந்தச் சண்டையே இருக்காதே?

கொங்குநிரலர்: வேண்டவே வேண்டாம். 4.365 அதில் துல்லியமாக உட்காராது. இதே எடையை ஃப்ளோட் ஃபீல்டில் போட்டு எடை = 4.365 என்று தேடினால் அந்த வரிசையே கிடைக்காது. கடைக்காரர் தங்கம் காணோம் என்பார்.

தராசுமுள்: டபுள் வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கம். கல்லுக்குத் தனி டெசிமல் ஃபீல்டு போடலாம், அதையும் ஒப்புக்கொள்கிறேன். என் கவலை வேறு. எந்த இடத்தில் ரவுண்ட் ஆகிறது என்பது நிரலருக்குத் தெரிய வேண்டும். வான்கூவர் பங்குச் சந்தை 1982-இல் 1000 புள்ளிகளில் ஒரு குறியீட்டைத் தொடங்கியது. ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்களுக்கு மேல் உள்ளதை வெட்டியே எறிந்தார்கள். 1983 நவம்பரில் குறியீடு 524.811. சரியாகக் கணக்கிட்டதும் 1098.892! மூன்று இலக்கம் இருந்தது, ஆனால் ஒவ்வொரு பதிவிலும் இழப்பு இருந்தது.

கொங்குநிரலர்: அது முந்தைய விடையிலிருந்தே அடுத்ததைக் கணக்கிட்டதால் சேர்ந்த பிழை. நகையின் எடை ஒருமுறை அளந்து எழுதுவது. அதை அளந்தபடியே வைத்து, சுத்தத் தங்கத்தை அதிலிருந்து ஒவ்வொரு முறையும் கணக்கிட்டால் பிழை சேராது. 916 தங்கம் என்றால் 4.365-ஐ 0.916-ஆல் பெருக்கினால் 3.99834. உங்கள் மில்லிகிராமிலும் இது 3998.34 தானே? டெசிமல்(12,6) இதைத் தாங்கும்.

பொன்வண்டு: பார்த்துவிட்டேன் சார், நீங்கள் சொன்னபடியே (10,0), (10,2) என்றுதான் இருக்கிறது. எடைக்கு (10,3) போட்டுவிட்டேன். புதிய நகைகள் சரியாக வருகின்றன.

தராசுமுள்: பழைய வரிசைகள்? நேற்றுவரை 4.37 என்று இருந்தது இனி 4.370 என்று தெரியும், பார்ப்பவர் அதை அளந்த எடை என்றே நினைப்பார். ஒரு நகைக்கு 5 மில்லிகிராம் வரை மாறியிருக்கலாம். தராசு மூன்றாம் இலக்கத்தில் 5 காட்டும் போதெல்லாம் மேலே தள்ளியிருக்கும், அதனால் ஒன்றுக்கொன்று முழுதாகக் கழியாது. மறு எடை போட்டாயிற்றா என்று ஒரு ஃபீல்டு சேருங்கள். விற்றுப்போனவற்றுக்கு ரசீதில் உள்ள எடையை எடுத்து எழுதுங்கள்.

கொங்குநிரலர்: இதை ஆமோதிக்கிறேன். மறு எடை முடியும்வரை இருப்பு அறிக்கையில் அந்த நகைகளைத் தனியாகக் காட்டுங்கள்.