அவசரகால உணவுப் பொட்டலங்களைப் பிரித்துச் சாப்பிட்டுப் பார்த்த அனுபவம்

பதிவு 1

மூன்று வாரம் ஆகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. வெள்ளிநிற உறையில் செங்கல் போல வருமே, 2400 கலோரி உணவுக் கட்டி, அதுதான். ஆளுக்கு ஒன்று வாங்கி அவரவர் அவசரகாலப் பையில் போட்டேன். 5 ஆண்டு கெடாது என்று நிம்மதி. ஒன்றை மட்டும் பிரித்து எல்லோரும் ருசி பார்த்தோம். இனிப்பு மாவு, லேசான எலுமிச்சை வாசம். பையன் இன்னொரு துண்டு கேட்டான்.

அப்பா ஒரு கடி கடித்தார். மென்றார், மென்றுகொண்டே இருந்தார், விழுங்க முடியவில்லை. பேசவும் முடியாமல் டம்ளரை நோக்கிக் கையை நீட்டினார். அந்தக் கைதான் கண்ணிலேயே நிற்கிறது. மாத்திரைகளால் அவருக்கு எப்போதும் வாய் வறண்டிருக்கும். தெரிந்தும் நான் யோசிக்கவில்லை. 'தாகம் எடுக்காது' என்று உறையில் போட்டிருந்ததை நம்பிவிட்டேன். அவருக்குச் சர்க்கரை நோய் வேறு.

பதிவு 2

எங்களுடையது தானே சூடாகும் வகை. நிஜமாக மின்சாரம் போன இரவு மாதிரியே பார்ப்போம் என்று விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, மெழுகுவத்தி ஏற்றி உட்கார்ந்தோம். தண்ணீர் ஊற்றியதுமே பை உப்பிச் சீற ஆரம்பித்தது. மகள் மூலையில் போய் ஒண்டிக்கொண்டாள். அப்புறம்தான் உறையின் பின்பக்கத்தைப் படித்தேன். உள்ளே இருக்கும் மெக்னீசியத் தூள் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜனை விடுமாம், தீ பக்கத்தில் இருக்கக் கூடாதாம், ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டுமாம். மெழுகுவத்தி ஒரு முழம் தள்ளி எரிந்துகொண்டிருந்தது. நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. அவள் தொடவில்லை.

பதிவு 3

முதல் பதிவு எழுதியவருக்கு: உறையில் இருப்பது பொய்யில்லை. அந்தக் கட்டி உயிர்காப்புப் படகில் வைப்பதற்கென்றே வந்தது. குடிநீர் குறைவான இடம் என்பதால் உப்பையும் புரதத்தையும் குறைத்து, மாவு, கொழுப்பு, சர்க்கரையை அமுக்கியிருக்கிறார்கள். புரதம் கூடினால் அதன் கழிவை வெளியேற்றச் சிறுநீரகத்துக்குத் தண்ணீர் அதிகம் வேண்டும். தாகம் கூடாது என்பதுதான் அதன் பொருள், வறண்ட வாயில் வழுக்கிக்கொண்டு இறங்கும் என்பதல்ல.

என் கதை சின்னது. பரணில் வைத்திருந்த ராணுவ வகைப் பொட்டலத்தை 2 ஆண்டு கழித்துத் திறந்தேன், கசந்தது. வெப்பம்தான் காரணம். அந்த வகைக்கு 27 டிகிரியில் 3 ஆண்டு, 38 டிகிரியில் 6 மாதம் என்பதுதான் கணக்கு. அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன்: பரணை விடுங்கள், கட்டிலுக்கு அடியில் வையுங்கள். வாங்கிய தேதியை வெளியே பெரிதாக எழுதுங்கள். ஒரு வாய் ருசி பார்த்தால் போதாது, ஒரு நாள் முழுக்க அதையே சாப்பிட்டுப் பாருங்கள், மூன்றாவது வேளைக்குத்தான் திகட்டுவது தெரியும். டின் வைத்திருந்தால் அதைத் திறக்கும் கருவியையும் அதே பையில் போடுங்கள். குடிக்கும் தண்ணீரையும் சமைக்கும் தண்ணீரையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். உங்கள் அப்பாவுக்குக் கட்டியை நொறுக்கித் தண்ணீரில் ஊறவைத்துக் கஞ்சியாகக் கொடுங்கள்.

பதிவு 4

கஞ்சி சரி அண்ணா, அதற்கும் தண்ணீர் வேண்டுமே! உறையவைத்து உலர்த்திய காய்கறிப் பொட்டலத்தில் நாங்கள் பட்டது அதுதான். அடுப்பு இல்லை என்று வைத்துக்கொண்டு பச்சைத் தண்ணீர் ஊற்றினோம். உறையில் போட்டிருந்த நிமிடக் கணக்கு வெந்நீருக்கு, பச்சைத் தண்ணீருக்கு இரண்டு மடங்காவது காத்திருக்க வேண்டும். நாங்கள் காத்திருக்கவில்லை. மேலே எல்லாம் மெத்தென்று இருந்தது, நடுவில் பட்டாணி கல்லாகவே கிடந்தது. அம்மா கடித்தார், பல்செட் விரிசல் விட்டது. அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

பதிவு 5

முதல் பதிவு எழுதியவன்தான். நேற்று ஒரு சிறு துண்டை நொறுக்கி அரை டம்ளர் தண்ணீரில் ஊறவைத்தேன். அப்பா சிரமமில்லாமல் குடித்துவிட்டார், நன்றி அண்ணா. நான்காம் பதிவில் சொன்னது போல அந்த அரை டம்ளரை வேளைக்கு வேளை தண்ணீர்க் கணக்கில் சேர்த்து எழுதியிருக்கிறேன். சர்க்கரை விஷயம் அப்படியே நிற்கிறது. திங்கட்கிழமை மாத்திரைச் சீட்டோடு இந்த உறையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். அப்பாவின் பையை மட்டும் இன்னும் கட்டவில்லை.