ஆட்சி முறை மாறினால் அதிகாரம் கை மாறுமா?

எதிர்க்காற்று:
மன்னராட்சி, மக்களாட்சி, ஒரு கட்சி ஆட்சி எல்லாமே பெயர்ப்பலகைதான். உள்ளே உட்கார்ந்திருப்பது எப்போதும் ஒரு சின்னக் கூட்டம். சமூகவியலாளர் ராபர்ட் மிஷெல்ஸ் 1911-லேயே சொல்லிவிட்டார். அவர் ஆராய்ந்தது கொடுங்கோலர்களை அல்ல, ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியை. சமத்துவம் பேசிய அங்கேயே பணமும் பத்திரிகையும் முழுநேர நிர்வாகிகள் கைக்குப் போய்விட்டன. தொண்டனுக்குக் கை தூக்கும் வேலை மட்டும்.

நூலாம்படை:
பாதியில் நிறுத்திவிட்டீர்களே! அதே மிஷெல்ஸ் பிற்பாடு முசோலினியின் பாசிசக் கட்சியில் சேர்ந்தார். எல்லாம் ஒன்றுதான் என்று ஆரம்பித்தால் அங்கேதான் போய் நிற்க வேண்டிவரும். சின்னக் கூட்டம் ஆள்கிறது, சரி. அதை ரத்தம் சிந்தாமல் வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்பதுதான் என் கேள்வி.

எதிர்க்காற்று:
ஆளைத் திட்டினால் வாதம் தோற்றுவிடுமா? 1936 சோவியத் அரசமைப்பில் பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை எல்லாம் அழகாக எழுதியிருந்தது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் லட்சக்கணக்கில்.

சாமானியன்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். இருவரும் ஆள்பவனையே பார்க்கிறீர்கள். கீழே இருப்பவன் ஏன் கீழ்ப்படிகிறான்? ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் மூன்று காரணம் சொன்னார்: மரபு, தலைவனின் வசீகரம், சட்டம். நிஜத்தில் மூன்றும் கலந்தே வரும். ஸ்பெயின், 1981 பிப்ரவரி 23. தெஹேரோ என்ற லெப்டினன்ட் கர்னல் கைத்துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார். அவரது ஆட்கள் மேற்கூரையை நோக்கிச் சுட்டார்கள். உறுப்பினர்களில் பெரும்பாலோர் இருக்கைக்கு அடியில் பதுங்கினார்கள். நள்ளிரவு தாண்டி மன்னர் ஹுவான் கார்லோஸ் ராணுவ உடையில் தொலைக்காட்சியில் வந்து, அரசமைப்பின் பக்கம் நிற்பதாக அறிவித்தார். கலகம் பிசுபிசுத்தது. மக்களாட்சியைக் காப்பாற்றியது ஒரு மணிமுடி!

எதிர்க்காற்று:
நான் சொன்னதேதான். ஒரு மன்னர், அவர் பேச்சைக் கேட்ட சில தளபதிகள். இதில் மக்கள் எங்கே?

நூலாம்படை:
1982 அக்டோபரில் இருந்தார்கள். வாக்குப் போட்டு சோஷலிஸ்டுகளை ஆட்சியில் உட்கார வைத்தார்கள். உள்நாட்டுப் போரில் சர்வாதிகாரி பிராங்கோவிடம் தோற்ற தரப்பின் கட்சி அது. பிராங்கோ வளர்த்த ராணுவம் அந்த அரசுக்குக் கீழ் வேலை பார்த்தது. அந்த மன்னரையும் 1969-ல் வாரிசாக அறிவித்தது பிராங்கோதான். முறை வெறும் பெயர்ப்பலகை என்றால், இத்தனை பேர் துப்பாக்கியை ஏன் கீழே வைத்தார்கள்? அதற்குப் பதில் சொல்லுங்கள்.