பின்கதவைத் திறந்தவர்: எஸ்டேட் கார் அனுபவப் பகிர்வு

சத்துவாச்சாரிக்காரன்

என்னிடம் இருப்பது 2001-ஆம் ஆண்டு மாருதி சுசுகி பலேனோ ஆல்டுரா, கூரை பின்கதவு வரை நீண்டு சாமான் ஏற்ற இடமுள்ள எஸ்டேட் கார். அதைப் பற்றி இந்தக் கார் மன்றத்தில் உள்ளவர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்பதால், பல மாதங்களாக மனத்தில் கிடந்து உறுத்தும் ஒரு சம்பவத்தை மட்டும் எழுதுகிறேன். நான் மூன்றாம் உரிமையாளர். முதல் இருவரையும் பார்த்ததில்லை, வண்டி தரகர் வழியாக வந்தது.

சென்னையிலிருந்து அம்மாவுக்காகப் பழைய கல் கிரைண்டர் ஒன்றைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தேன். வாலாஜா சுங்கச்சாவடியைத் தாண்டித் தேநீர் குடிக்க நிறுத்தியபோது, கிரைண்டர் புரண்டிருக்கிறதா என்று பார்க்கப் பின்கதவைத் திறக்க முயன்றேன். அந்தக் கதவு வாங்கிய நாளிலிருந்தே மக்கர் செய்யும். கைப்பிடியை இழுத்தால் 'டக்' என்ற ஓசை வரும், கதவு வராது. மூன்று மெக்கானிக்குகள் பூட்டைக் கழற்றி, எண்ணெய் விட்டு, திரும்ப மாட்டிப் பணம் வாங்கியதுதான் மிச்சம். நான் குனிந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, பேருந்துக்காக நின்றிருந்த ஒரு பெரியவர், வயது அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும், என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் அருகில் வந்தார். இடது கையால் கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு வலது முழங்காலால் கதவின் கீழ்ப்பகுதியில் மெதுவாக ஓர் இடி இடித்தார். கதவு தானாக மேலே எழுந்தது. உள்ளே எட்டிப் பார்த்து, கூரைத் துணியை ஒரு முறை தடவிவிட்டு, "அஞ்சாயிரத்துக்கு மேல போய்ப் பாத்திருக்கீங்களா? அதுக்கு அப்புறந்தான் இது வண்டி" என்றார். என்ஜினின் நிமிடச் சுற்றைத்தான் சொன்னார். ஆற்காடு பக்கம் போகும் பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டார்.

பேருந்து நகர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. டி.என். 23 என்று தொடங்கும் அந்த எண் இத்தனை ஆண்டுகளாக மாறவில்லை. அவர் வண்டியை எண்ணை வைத்தே அடையாளம் கண்டிருக்க வேண்டும். பெயர்கூடக் கேட்காமல் விட்டேனே என்பது இன்றுவரை உறுத்துகிறது. 1.6 லிட்டர், 94 குதிரைத்திறன் என்பது இன்று பெரிய எண் அல்ல என்று எனக்கும் தெரியும். ஆனாலும் குடும்பத்தையும் கிரைண்டரையும் ஏற்றிக்கொண்டு அவ்வளவு வேகமாக ஓடக்கூடிய வண்டி அந்தக் காலத்தில் நம் ஊரில் வேறு எது இருந்தது? உங்களிடமும் இதுபோன்ற அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

ஆம்பூர்த் தோல்காரர்

தம்பி, கதை நன்றாக இருக்கிறது. ஆனால் ஆல்டுராவை 'வேகமான எஸ்டேட்' என்ற வரிசையில் வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது நல்ல கார், சுறுசுறுப்பான கார், அவ்வளவுதான். அந்தப் பெயருக்கு உரியது எது என்பதை நான் உட்கார்ந்து பார்த்தவன்.

1996-இல் தோல் சாம்பிள்களோடு ஜெர்மனியின் பிர்மாசென்ஸ் நகருக்குப் போயிருந்தேன். காலணித் தொழிலுக்கு நம் ஆம்பூர் எப்படியோ, அந்த நாட்டுக்கு அந்த ஊர் அப்படி. எங்களிடம் சரக்கு வாங்குபவர் என்னை அழைத்துப் போக ஒரு நீலநிற ஆடி ஆர்.எஸ்.2 அவந்த் எஸ்டேட் காரில் வந்தார். போர்ஷே நிறுவனத்தோடு சேர்ந்து ஆடி உருவாக்கிய அந்த வண்டியை, சுட்கார்ட்டின் சுஃபன்ஹவுசனில் உள்ள போர்ஷே ஆலையில்தான் கோத்தார்கள். 2.2 லிட்டர், ஐந்து சிலிண்டர், என்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ, 315 குதிரைத்திறன், நான்கு சக்கரங்களுக்கும் இழுவை. மூவாயிரத்துக்கும் குறைவாகவே அதைத் தயாரித்தார்கள் என்பதும், போர்ஷேயின் சக்கரங்களும் பிரேக்கும் அதில் இருந்தன என்பதும் எனக்குப் பின்னால் தெரிந்தவை.

அன்று என் கண்ணில் பட்டது இருக்கை மட்டுமே. பக்கங்களில் மழமழப்பான தோல், நடுவில் ஸ்வேட் எனும் மெல்லிய இழை எழுப்பிய தோல். தொழில் புத்தி போகுமா? ஸ்வேட் என்றால் விரலால் எழுதிப் பார்ப்பது எங்கள் வழக்கம். நல்ல சரக்காக இருந்தால் இழை சாய்ந்து எழுத்து விழும். தொடைக்கு அருகில் 'அ' என்று எழுதினேன், கருநிழல் போல விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் ஆட்டோபான் எனும் அதிவேக நெடுஞ்சாலையில் ஏறி மிதித்தார். முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. பழைய டர்போ வண்டிகளுக்கே உரிய அந்த இரண்டு நொடி அசட்டு அமைதி. 'இவ்வளவுதானா' என்று நான் நினைத்து முடிப்பதற்குள் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. பின்னாலிருந்த சாம்பிள் மூட்டைகள் கதவில் போய் மோதிய ஓசை கேட்டது. முள் 200-ஐத் தாண்டியபோது அவர் என்னிடம் ஆட்டுத்தோல் விலையைப் பேசிக்கொண்டிருந்தார். நான் எந்த விலைக்குத் தலையாட்டினேன் என்பது ஊர் திரும்பிக் கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இறங்கும்போது பார்த்தேன், அந்த 'அ' அப்படியே இருந்தது.

இப்போதைய இறக்குமதி விதிப்படி, மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட பழைய காரைப் பொதுவாக இங்கே கொண்டுவர வழியில்லை. இடதுபக்க ஸ்டியரிங் என்றால் அதற்கும் மேல் தடை. ஆகவே அது எனக்கு அந்த ஒரு பிற்பகலோடு சரி.

காட்பாடிச் செவிலி

ஆம்பூர் அண்ணன் குதிரைத்திறனை வைத்தே தராசைத் தூக்குகிறார். ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

வேலூரில் படித்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் சில ஆண்டுகள் செவிலியாகப் பணிபுரிந்தேன். எங்கள் பிரிவின் மூத்த மருத்துவரிடம் வோல்வோ 850 டி-5 எஸ்டேட் ஒன்று இருந்தது. பெட்டி போன்ற உருவம், பின்னால் நாய்க்கான கம்பித் தடுப்பு, மழையில் நனைந்த நாயின் வாடை. மான்செஸ்டரில் ஒரு கூட்டம் முடிந்து அவரும் அவருடைய மனைவியும் என்னை ஏற்றிக்கொண்டு திரும்பிய இரவில், எம்.62 நெடுஞ்சாலை மலைமேல் ஏறும் இடத்தில், இரண்டு திசைச் சாலைகளுக்கும் நடுவே தனியாக நிற்கும் ஒரு பண்ணை வீடு உண்டு. அதன் சன்னல் வெளிச்சம் முன்னால் தெரிந்தது. பிறகு பின்னால் தெரிந்தது. இடையில் எப்போது கடந்தோம் என்பதே எனக்குப் புரியவில்லை. காருக்குள் சத்தமில்லை. அவருடைய மனைவி ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார், ஒரு சுளைகூடக் கீழே விழவில்லை. ஸ்டியரிங் மட்டும் மருத்துவர் கையில் லேசாக இழுத்து இழுத்துத் துடித்தது. அத்தனை விசையும் முன்சக்கரம் இரண்டுக்கே போவதால் அப்படித்தான் என்றார்.

1994-இல் இதே 850 எஸ்டேட்டை வோல்வோ பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தில் இறக்கியதையும், ஒருமுறை அணிவகுப்புச் சுற்றில் பின்னால் ஒரு பெரிய பொம்மை நாயை வைத்துக்கொண்டு ஓட்டியதையும் அவர்தான் சொன்னார். பந்தயக் காரையே கேலி செய்யத் தெரிந்தவர்கள் என்று சொல்லிச் சிரித்தார். அந்த ஊர்க் காவல்துறையும் அதே வண்டியை வைத்திருந்தது. மருத்துவமனை வாசலில் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் என் கட்சி. நீலநிறமும் போர்ஷே சக்கரமும் இருந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். வாலாஜாவில் பலர் நடுவே ஒரே ஒருவர் மட்டும் கண்டுகொண்ட ஆல்டுராவே என் கணக்கில் அசலான எஸ்டேட்.

ராணிப்பேட்டை ஸ்பேனர்

என் அனுபவம் சிறியது. நண்பரின் ஆல்டுராவைச் சித்தூர்ச் சாலையில் ஓட்டியபோது குறுக்கே மாடு வந்தது; பிரேக்கை மிதித்தேன்; பின்னால் கட்டாமல் வைத்திருந்த பலாப்பழம் இருக்கைக்கு மேலாக உருண்டு வந்து என் பிடரியைத் தாக்கியது. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதனால் சத்துவாச்சாரித் தம்பிக்குச் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும். எஸ்டேட்டில் டிக்கிக்கும் மனிதர்களுக்கும் நடுவே சுவர் கிடையாது. கிரைண்டரைக் கட்டாமல் ஏற்றி வந்திருந்தால் அது தவறு. கல்லைத் தனியே எடுத்து, பின்னிருக்கையின் முதுகை ஒட்டித் தரையில் வைத்து, கயிற்றால் கட்ட வேண்டும். பின் அச்சுக்கும் பின்னால் எடை ஏறினால் முன்பக்கம் தூக்கும், முன்சக்கரப் பிடிப்புக் குறையும், இரவில் முகப்பு விளக்கு எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும்.

அடுத்தது நீர்க்கசிவு. பின்விளக்கின் ரப்பர் காய்ந்துவிட்டால், ஐப்பசி மழையில் உள்ளே இறங்கும் தண்ணீர் ஸ்டெப்னிக் குழியில்தான் தேங்கும். மேலே கம்பளம் காய்ந்தே இருக்கும், கீழே தகடு துருப்பிடித்துக்கொண்டிருக்கும். கம்பளத்தைத் தூக்கி ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் சரி, 'டொக்' என்றால் டிங்கரிடம் போங்கள்; பட்டி பூசி மறைப்பவரிடம் போகாதீர்கள். வேலூர்க் கத்திரி வெயிலில் ரப்பருக்கு ஆயுள் குறைவு. அத்தோடு இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வருகிறது. 2001-இல் செய்த எரிபொருள் குழாய் அதற்காகச் செய்ததல்ல. ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழாயை விரலால் அழுத்திப் பாருங்கள், வெடிப்போ பிசுபிசுப்போ இருந்தால் உடனே மாற்றுங்கள். டைமிங் பெல்ட்டைக் கிலோமீட்டர் கணக்கில் மட்டும் பார்க்காதீர்கள். நின்ற வண்டியிலும் பெல்ட்டுக்கு வயதாகும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் என்று பொருள். பட்டன் தேயவில்லை என்று பழைய டயரோடு வேகம் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வரும். 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும். கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள்.

இவை எல்லாம் முடிந்த பிறகு ஐந்தாயிரத்தைத் தாண்டுங்கள். அந்தப் பெரியவர் ஓட்டியது புது வண்டி, நீங்கள் ஓட்டுவது அதே வண்டி அல்ல.

குடியாத்தத்தான்

ஸ்பேனர் அண்ணன் சொன்னவற்றில் பாதியை நான் சிங்கப்பூரில் கற்றேன். காக்கி புக்கிட் பகுதியில் ஒரு பட்டறையில் உதவியாளாக இருந்தேன். ஜப்பானிலிருந்து வந்த சுபாரு லெகசி ஜி.டி. வேகன் ஒன்று அங்கே அடிக்கடி வரும். இரண்டு லிட்டர், இரண்டு டர்போ. சின்ன வேகத்துக்கு ஒன்று, அதற்கு மேல் இரண்டாவது கைகொடுக்கும். நாலாயிரம் சுற்றை ஒட்டி முதலாவதோடு இரண்டாவதும் வந்து சேரும் இடைவெளியில் வண்டி மூச்சுத் திணறும். வாக்குவம் குழாய்களின் காடு அது. ஒரு குழாய் மாறினால் நாள் முழுவதும் தேடல்.

அங்கே கார் பத்து ஆண்டுதான் ஓடலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் அன்றைய நிலவரப்படி ஒரு பெருந்தொகை கட்ட வேண்டும். அந்த உரிமையாளர், சீனர், பள்ளி ஆசிரியர், கட்ட முடியவில்லை. கடைசி நாளில் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து ஆயில் மாற்றச் சொன்னார். மறுநாள் உடைக்கப் போகிற வண்டிக்கு ஆயில் எதற்கு என்று முதலாளி கேட்டார். அவர் பதில் சொல்லாமல் பணத்தை மேசையில் வைத்தார். நான்தான் மாற்றினேன். பழைய ஆயில் கறுத்துச் சொட்டி முடிந்து, புதியது தேன் நிறத்தில் அளவுகோலில் ஏறியதைத் துணியில் துடைத்து அவரிடம் காட்டினேன். அவர் அந்தத் துணியை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சத்துவாச்சாரிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. ஆம்பூர் அண்ணனோடு வாதிட மாட்டேன். 315-க்கு முன்னால் 94 என்ன பேசும்? ஸ்பேனர் அண்ணன் சொற்படி கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தேன். வலது மூலையில் 'டொக்' என்றது. டிங்கரிடம் விட்டு, ரப்பர், பெல்ட், குழாய் எல்லாம் மாற்றிய பிறகு, சென்ற ஞாயிறு விடியலில் மலையடிவாரப் பொன்னேரியிலிருந்து ஏலகிரி ஏறினேன். 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்களின் பெயரும் வள்ளல்களின் பெயரும் தாங்கிய பலகைகள். வளைவுகளுக்கு நடுவே நேராகக் கிடந்த ஒரு துண்டுச் சாலையில் இரண்டாம் கியரை மாற்றாமல் மிதித்தே வைத்திருந்தேன். நாலாயிரத்தில் முனகல், ஐந்தாயிரத்தில் குரல் மாறியது, தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒருவர் பாடத் தொடங்கியதைப் போல. பக்கத்தில் அம்மா இருந்தார். "யாராவது பின்னால தொரத்துறாங்களா?" என்று கேட்டார்.

வாலாஜாத் தேநீர்க் கடைக்கு இதுவரை நான்கு முறை போய்விட்டேன். கடைக்காரருக்கு அவரைத் தெரியவில்லை.

ராணிப்பேட்டை ஸ்பேனர்

பெல்ட் மாற்றியது சரி. பின்கதவுப் பூட்டையும் அப்போதே மாற்றியிருக்கலாமே? அதற்கு என்ன செலவாகிவிடப் போகிறது?

சத்துவாச்சாரிக்காரன்

டிங்கரும் கேட்டார் அண்ணே. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எண் பலகையின் வலது ஓரத்திலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, கீழ் விளிம்பில் முழங்கால் பட வேண்டும். எனக்கு மூன்றாவது இடியில் திறக்கிறது.