மே மாதத்தில் நீலகிரி: ஊட்டியா, குன்னூரா, கோத்தகிரியா, எங்கே தங்குவது?

திருச்சி வாசகி

அனைவருக்கும் வணக்கம். வரும் மே மாதம், பிள்ளைகளுக்குப் பள்ளி திறப்பதற்கு முன்பாக, எங்கள் சொந்தக் காரில் நீலகிரிக்கு வந்து நான்கைந்து நாட்கள் தங்கலாம் என்று இருக்கிறோம். நாங்கள் இருவர், பத்து வயது மகன், ஏழு வயது மகள், முழங்கால் தேய்மானத்தால் படியேறச் சிரமப்படும் என் மாமியார் என மொத்தம் ஐந்து பேர். நாளுக்கொரு விடுதியாகப் பெட்டி கட்டிக்கொண்டு அலைய மனமில்லை; ஓரிடத்தில் தங்கி, அங்கிருந்தே மற்ற இடங்களுக்குப் போய்வர வேண்டும். மகனுக்கு மலை ரயில்தான் பேச்சு, மூச்சு எல்லாம். எனக்கு மலர்க்காட்சியைப் பார்க்க வேண்டும். மாமியாருக்குக் குளிர்ந்த காற்றும், உட்கார்ந்து வெளியே பார்க்க ஒரு திண்ணையும் இருந்தால் போதும்.

ஊட்டியில் மே மாதம் கால் வைக்க இடமிருக்காது என்கிறார்கள் சிலர். குன்னூரில் தங்கினால் ஊட்டிக்குப் போய்வருவதிலேயே நாள் போய்விடும் என்கிறார்கள் வேறு சிலர். கோத்தகிரியைப் பற்றி யாரும் விவரமாகச் சொல்லவில்லை. அங்கேயே வசிப்பவர்கள் வழிகாட்டினால் மிகவும் உதவியாக இருக்கும்.

குன்னூர்வாசி

வணக்கம் அம்மா. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உங்கள் குடும்பத்துக்குக் குன்னூரே பொருத்தம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே சாலை வழியாக ஏறத்தாழ 18 கிலோமீட்டர்தான். ஆனால் மே மாதத்துச் சனிக்கிழமைகளில் அந்தத் தூரத்தைக் கிலோமீட்டர் கணக்கில் பார்க்கக் கூடாது. முன்னால் நிற்கும் வண்டிகளின் வரிசை எவ்வளவு நீளம் என்றுதான் பார்க்க வேண்டும். குன்னூரில் தங்குபவருக்கு மட்டும் இதற்கு ஒரு மாற்றுவழி இருக்கிறது. காரை விடுதியிலேயே நிறுத்திவிட்டு மலை ரயிலில் ஏறினால், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒவ்வொரு நிலையமாகத் தொட்டுக்கொண்டு, சாலையில் எவ்வளவு நெரிசல் இருந்தாலும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் ஊட்டியில் இறங்கிவிடலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் புறப்படும் ரயிலுக்குக் கோடையில் முன்பதிவு கிடைப்பது அரிது என்றாலும், குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே மட்டும் ஓடும் வண்டிகள் தனியாக இருக்கின்றன. அவற்றுக்கு நிலையத்திலேயே வரிசையில் நின்று முன்பதிவில்லாத சீட்டு வாங்கலாம். சற்று முன்னதாகப் போய்விட வேண்டும்.

உங்கள் மகனுக்காக ஒன்றைக் கூடுதலாகச் சொல்கிறேன். 1899இல் குன்னூர் வரையிலும், 1908இல் ஊட்டி வரையிலும் போடப்பட்ட இந்தப் பாதையில், தண்டவாளங்களுக்கு நடுவே, இன்ஜினின் பல் சக்கரம் பற்றிக்கொண்டு ஏறுவதற்கான பல் சட்டம் பதித்திருப்பது கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட ஏற்றத்தில் மட்டும்தான். 12 அடி தூரத்துக்கு ஓர் அடி உயரம் என்ற அளவுக்கு அங்கே ஏற்றம் செங்குத்தாக இருப்பதால், இன்ஜின் பெட்டிகளை முன்னின்று இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. மேட்டுப்பாளையம் வண்டி முற்பகலில் குன்னூருக்கு வந்ததும் நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை மாட்டுவார்கள். அந்த நேரத்தில் நிலையத்தில் இருந்தால், இன்ஜினின் அடிப்பகுதியில் இருக்கும் பல் சக்கரத்தைச் சிறுவன் பக்கத்திலிருந்து பார்க்கலாம். அந்த வண்டியில் இடம் கிடைக்காத குறை இதில் பெருமளவு தீரும்.

மாமியாருக்காக நீங்கள் கவனிக்க வேண்டியது ஊரை அல்ல, விடுதியை. குன்னூர் முழுவதும் சரிவில் கட்டப்பட்ட ஊர். படத்தில் தேயிலைத் தோட்டத்தின் நடுவே அழகாகத் தெரியும் வீட்டுக்குச் சாலையிலிருந்து நாற்பது, ஐம்பது படிகள் இறங்க வேண்டியிருக்கலாம். வண்டி நிற்கும் இடத்திலிருந்து அறை வரை எத்தனை படி, கழிவறை மேல்நாட்டு முறையிலானதா, தரைத்தளத்தில் அறை உண்டா என்று தொலைபேசியில் கேட்டு, அந்தப் படிகளின் படத்தையும் அனுப்பச் சொல்லிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். பேருந்து நிலையத்தை ஒட்டிய கீழ்ப்பகுதியில் ரயில்வே கேட் மூடும்போதெல்லாம் வண்டிகள் தேங்கும்; ஆகையால் பெட்போர்டு, சிம்ஸ் பூங்காப் பக்கம் தங்குவது நல்லது. சிம்ஸ் பூங்காவிலும் அவர்கள் நுழைவாயிலை ஒட்டிய மேல்பகுதியிலேயே உட்காரட்டும். பூங்கா பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டே போகிறது. இறங்குவது எளிது, திரும்பி ஏறுவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும்.

லேம்ஸ் ராக், டால்பின் நோஸ் என்ற காட்சிமுனைகள் இரண்டும் ஒரே சாலையில் இருக்கின்றன. சாலை குறுகலானது, எதிரே பெரிய வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லாத வளைவுகள் அதில் நிறைய உண்டு. காலைச் சிற்றுண்டி முடிந்த கையோடு கிளம்பிவிடுங்கள். பகல் ஏற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி மேலே வந்துவிட்டால், அவ்வளவு தூரம் போயும் வெள்ளைத் திரையைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

கோத்தகிரி ஆசிரியை

குன்னூர்வாசி ஐயா சொன்ன ரயில் வசதியை நான் மறுக்கவில்லை. ஆனால் திண்ணையில் உட்கார்ந்து காற்று வாங்க விரும்பும் அந்த அம்மாவை நினைத்தால், கோத்தகிரியைப் பற்றியும் சொல்லத் தோன்றுகிறது.

எங்கள் ஊருக்கு ரயில் இல்லை, ஏரியில் படகு இல்லை, கடைவீதியும் சிறியது. அதனாலேயே கூட்டம் குறைவு. அந்த அமைதி மே மாதத்திலும் ஓரளவு எஞ்சியிருக்கும் ஊர், மூன்றில் இதுதான். கோடை விழா வழக்கமாக எங்கள் நேரு பூங்காவின் காய்கறிக் காட்சியோடுதான் தொடங்கும். ஆங்கிலேயர் காலத்தில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் கட்டிய வீடு கன்னேரிமுக்கில் அருங்காட்சியகமாக இருக்கிறது. ஊட்டி ஏரியை உருவாக்கியவரும் அவரே என்பதால், ஏரியைப் பார்ப்பதற்கு முன் பிள்ளைகளுக்கு இந்த வீட்டைக் காட்டினால் கதை முழுமையாகும். ஊரை ஒட்டியிருக்கும் லாங்வுட் சோலைக்காட்டுக்கு, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் 2024இல் கிடைத்தது. எங்கள் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பதை அந்தச் சோலைக்குள் போய் நின்றால் நேரில் உணரலாம். கோடநாடு காட்சிமுனையிலிருந்து மாயாற்றுப் பள்ளத்தாக்கும் தெங்குமரஹாடா கிராமமும் தெரியும்.

பயணம் மே கடைசிக்குத் தள்ளிப்போனால் கோத்தகிரிக்குக் கூடுதலாக ஒரு சாதகம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றை தொட்டபெட்டா மலைத்தொடர் தடுத்துவிடுவதால், அவலாஞ்சியிலும் ஊட்டியிலும் மழை பிடித்துக்கொண்ட பிறகும் எங்கள் பக்கம் வெயில் தெரியும்.

ஆயினும் ஊட்டிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சாலைப் பயணம்தான், வேறு வழியில்லை. மலர்க்காட்சியும் ரயிலும் முதன்மையானவை என்றால் குன்னூரில் தங்கி, ஒரு நாளை எங்கள் ஊருக்கு ஒதுக்குங்கள். ஓய்வுதான் முதன்மை என்றால் இங்கே வாருங்கள்.

உதகைவாசி

ஊட்டியில் தங்கவே கூடாது என்பது போலப் பலரும் எழுதுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. பைக்காரா, அவலாஞ்சி, எமரால்டு ஆகிய மேற்குப் பக்க இடங்களைப் பார்க்க விரும்புகிறவர் குன்னூரில் தங்கினால், ஒவ்வொரு நாளும் ஊட்டி நகரை இருமுறை கடக்க வேண்டும். அது வீண் அலைச்சல். அப்படிப்பட்டவர்கள் நகரின் நடுவே இருக்கும் சேரிங் கிராஸ் பக்கத்தைத் தவிர்த்து, நகருக்குச் சற்று வெளியே தங்கட்டும்.

இந்த அம்மாவின் பட்டியலில் அந்த இடங்கள் இல்லாததால், குன்னூர் சரியான முடிவே. மலர்க்காட்சிக்கு மட்டும் சனி, ஞாயிறைத் தவிர்த்து, வார நாளில் தாவரவியல் பூங்கா திறக்கும் நேரத்துக்கே உள்ளே போய்விடுங்கள். நுழைவாயிலை அடுத்த புல்வெளிப் பகுதி ஏற்றம் குறைந்தது. பெரியவர் அங்கேயே பெரும்பாலான மலர் அலங்காரங்களைப் பார்த்துவிடலாம். ரோஜாப் பூங்கா அடுக்கடுக்காக ஏறும் இடம், அது அவர்களுக்கு வேண்டாம். நகருக்குள் சுற்றுவதற்கு, கோடைக்காலத்தில் அரசுப் போக்குவரத்துக் கழகம் விடும் சுற்றுப் பேருந்து இருக்கிறது.

திருச்சி வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குன்னூரில் தங்கி, ஒரு நாள் ரயிலில் ஊட்டிக்கும் இன்னொரு நாள் கோத்தகிரிக்கும் போய்வருவது என்று வீட்டில் முடிவு செய்துவிட்டோம். என் கணவர் மலைப்பாதையில் அதிகம் ஓட்டிப் பழகாதவர் என்பதுதான் மீதமிருக்கும் கவலை. எந்த வழியாக ஏறுவது, மலைக்கு வரும் வண்டிகளுக்கு இணையத்தில் வாங்க வேண்டிய இ-பாஸ் அனுமதிக்கு என்ன செய்வது என்றும் சொன்னால் நிம்மதியாக இருக்கும்.

குன்னூர்வாசி

இ-பாஸ் முறை, உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். எங்கே தங்குகிறீர்கள் என்பதையும் விண்ணப்பத்தில் கேட்பதால், விடுதியை உறுதி செய்தவுடன் தாமதிக்காமல் இணையத்தில் பதிந்துவிடுங்கள். செவ்வாய் அல்லது புதன்கிழமை ஏறுவது போல நாளைத் தேர்ந்தெடுங்கள். அரசுப் பேருந்திலோ ரயிலிலோ வருபவர்களுக்கு இந்தப் பாஸ் தேவையில்லை என்பதால், கணவருக்குத் தயக்கம் இருந்தால் காரை மேட்டுப்பாளையத்திலேயே நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏறி வருவதும் நல்ல யோசனைதான்.

காரிலேயே வருவதென்றால், கோடையில் வழக்கமாக மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகளை பர்லியாறு, குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் ஒருவழியாக்கி அனுப்புவார்கள். அவருக்கு இது வசதியே, ஏனென்றால் கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே வரும் வண்டிகள் குறைவாக இருக்கும். ஏறும்போது வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், வளைவில் வண்டி திணறிய பிறகு அல்ல. இறங்கும்போது பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடாகிப் பிடிக்காமல் போகும். இரண்டாம் கியரிலேயே இன்ஜினின் பிடிப்பில் இறங்கட்டும். குழந்தைகளுக்கு வாந்தி வரும் வழக்கம் இருந்தால், மேட்டுப்பாளையத்தில் வயிறு நிறையச் சாப்பிடக் கொடுக்காதீர்கள்.

கோத்தகிரி ஆசிரியை

இறங்கும் வழியைப் பற்றி ஒன்று. மே, ஜூன் மாதங்களில் பலா பழுக்கும்போது குஞ்சப்பனை, முள்ளூர் பக்கம் யானைகள் சாலைக்கே வந்து நிற்கும். பொழுது சாய்வதற்குள் மலையை விட்டு இறங்கிவிடும்படி காலையிலேயே புறப்படுங்கள். யானை நின்றால் தொலைவிலேயே வண்டியை நிறுத்தி, ஒலி எழுப்பாமல், படம் எடுக்க இறங்காமல் காத்திருங்கள், அது தானாகவே ஒதுங்கிப் போகும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்கும் சிறிய தண்ணீர்ப் போத்தல்களும் மாவட்டம் முழுவதும் தடை செய்யப்பட்டவை. சோதனைச்சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்து வந்தால், வழியிலும் ஊர்களிலும் இருக்கும் குடிநீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம்.